கல்லைப் பிடித்திருக்கும் தங்கம்

வைரத்துக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்ற நினைப்பு நம் வீடுகளில் நன்றாக ஊறிப்போயிருக்கிறது. தாலிக்கொடியின் கொக்கி தேய்ந்திருக்கிறதா என்று அடிக்கடி பார்ப்பவர்களும், தோட்டின் திருகாணியை வெளியே கிளம்பும்போதெல்லாம் தொட்டுப் பார்த்துக்கொள்பவர்களும்கூட கல்யாணத்துக்குப் போட்ட வைர மோதிரத்தை அதன்பாட்டுக்கு விட்டுவிடுகிறார்கள். உலகத்திலேயே கடினமான கல், அதற்குப் போய்ப் பராமரிப்பா என்று கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. கல்லுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லைதான். ஆனால் அந்தக் கல் விரலில் நிற்பது தங்கத்தின் தயவில். தங்கம் தேயும்.

எது எதைக் கீறும் என்று பார்க்கும் மோஸ் அளவுகோலில் வைரத்துக்கு 10. சுத்தத் தங்கத்துக்கு 2.5 முதல் 3 வரைதான். செம்பும் வெள்ளியும் கலந்த பிறகு தங்கம் கொஞ்சம் கெட்டிப்படும். நம் ஊரில் வைர நகையைப் பெரும்பாலும் 750 முத்திரையுள்ள 18 காரட் தங்கத்தில் செய்வது அதனால்தான். தாலியும் வளையலும் செய்கிற 916 முத்திரையுள்ள 22 காரட் தங்கம் சின்னக் கல்லை இறுக்கிப் பிடிக்க மெத்தென்று இருக்கும். எந்தத் தங்கமானாலும் சரி, மோதிரத்தின் கல்லைப் பிடித்திருப்பவை நாலோ ஆறோ குட்டிப் பிடிகள். ஒவ்வொன்றின் முனையும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் குறுக்களவுக்குள் அடங்கிவிடும். காலையில் கதவைத் திறப்பதிலிருந்து இரவு போர்வையை இழுப்பதுவரை எல்லாவற்றிலும் முதலில் உரசுவது அந்த முனைகள்தான்.

பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், லெபு பாசார் பக்கம், ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் எங்கள் குடும்பத்துக்கு வேண்டிய பத்தர் ஒருவர் இருக்கிறார். ஜன்னலோர மேசை, கழுத்தை வளைத்துத் திருப்பும் விளக்கு, ராவும்போது விழும் பொடி வீணாகாமல் சேர மேசைக்கு அடியில் ஒரு இழுப்பறை. பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி பிடித்து வந்த அக்காவை அவரிடம் அழைத்துப் போயிருந்தேன். அக்காவின் மோதிரம் பழசுகூட இல்லை. மங்கலாகத் தெரிகிறது, பாலிஷ் போட்டுவிடலாம் என்றுதான் வந்தாள். பத்தர் 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப்பைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு மோதிரத்தை மெல்லத் திருப்பினார். பாதியில் நிறுத்தி, லூப்பை என்னிடம் நீட்டினார்.

"பாருங்கம்மா. கல்லுக்கு ஒண்ணும் இல்ல. பிடிதான் தேஞ்சு போச்சு."

பார்த்தேன். மூன்று பிடிகளின் தலை குண்டாக, கல்லின் விளிம்பின்மேல் நன்றாகப் படிந்திருந்தது. நாலாவது பிடிக்குத் தலையே இல்லை. தட்டையாக, தகடு மாதிரி மெலிந்து, ஒரு ஓரம் மேலே தூக்கிக்கொண்டிருந்தது. அந்த இடுக்கில் புடவையிலிருந்து வந்த ஒரு மயிரிழை நீல நூல் மாட்டியிருந்தது. வெறுங்கண்ணுக்கு இதில் எதுவும் தெரியாது. அக்கா பக்கத்து விரலில் நவரத்தின மோதிரம் போட்டிருக்கிறாள். மாணிக்கமும் நீலமும் மோஸ் அளவில் 9. அந்தக் கற்கள் பக்கத்தில் இருந்த தங்கத்தை ஓயாமல் அரம்போல ராவிக்கொண்டே இருந்திருக்கின்றன.

பத்தர் அந்த முனையில் தங்கம் ஏற்றி, உருட்டிப் படியவைத்துக் கொடுத்தார். வேலை சின்னது, கூலியும் பெரிதாக இல்லை. கல் விழுந்த பிறகு வந்திருந்தால் கதை வேறு. எங்கள் சொந்தத்தில் ஒரு பெண்ணுக்கு அப்படித்தான் ஆனது. கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்து கை கழுவும்போதுதான் பார்த்தாள், மோதிரத்தில் பிடிகள் மட்டும் நிற்கின்றன, நடுவில் ஓட்டை. மண்டபத்தைக் கூட்டி அள்ளி, குப்பையைச் சலித்துப் பார்த்தும் கிடைக்கவில்லை. 30 சென்ட் கல் என்றால் 60 மில்லிகிராம்தான், குறுக்களவு 4 மில்லிமீட்டர் சொச்சம். வாழையிலையும் சோறும் கலந்த குப்பையில் அதை எங்கே தேடுவது?

இதை வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். மோதிரத்தைக் காதருகே வைத்து விரலால் லேசாகத் தட்டுங்கள். கல் ஆடினால் மெல்லிய டிக் டிக் சத்தம் கேட்கும். பழைய நைலான் துணியோ பஞ்சோ எடுத்துக் கல்லைச் சுற்றித் தடவுங்கள். எங்கே இழை மாட்டுகிறதோ அந்தப் பிடி தூக்கியிருக்கிறது. பல்குத்தும் குச்சியால் கல்லின் பக்கவாட்டில் மெதுவாகத் தள்ளிப் பார்ப்பதும் உண்டு. மயிரிழை நகர்ந்தாலும் அன்றே கழற்றி வைத்துவிட வேண்டும். சின்னச் சின்ன வைரங்களை வரிசையாகப் பதித்த மோதிரம் வைத்திருப்பவர்கள் இதில் இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும். அதில் ஒவ்வொரு கல்லையும் பிடித்திருப்பது குண்டூசித் தலையைவிடச் சின்னத் தங்கப் பொட்டு.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பத்தரிடம் காட்டுவது நல்லது. நாங்கள் தீபாவளிக்கு ஒருமுறை, சித்திரைப் புத்தாண்டுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். கணக்கு மறக்காது. ஆனால் தீபாவளிக்கு முந்தின வாரம் போகாதீர்கள். லெபு பாசாரில் நிற்கவே இடம் இருக்காது, பத்தருக்கும் லூப்பைக் கையில் எடுக்க நேரமிருக்காது. ஒரு மாதம் முன்னாடியே போய்விடுங்கள். காட்டும்போது கல்லோடு நிறுத்தாமல் வளையத்தின் அடிப்பக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளங்கைப் பக்கம்தான் அதிகம் தேயும். அது 1.5 மில்லிமீட்டருக்குக் கீழே மெலிந்துவிட்டால் வளையம் கோணிக்கொள்ளும், கோணினால் மேலே பிடிகளும் விலகும். தங்கம் விற்கிற விலையில் இப்போது கடைகளில் மோதிரத்தை எடை குறைத்து, மெல்லிசாகச் செய்கிறார்கள். வாங்குகிறவர்களும் அதையே கேட்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. கல்லில் 5 சென்ட் குறைத்துக்கொண்டு அந்தக் காசைத் தங்கத்தில் போடச் சொல்வேன். தினமும் போடப்போகிற மோதிரத்துக்கு அதுதான் சரி.

அப்புறம் அழுக்கு. அக்கா சொன்ன மங்கல் இதுதான்.

வைரத்துக்குத் தண்ணீர் ஒட்டாது, எண்ணெய் ஒட்டும். இது கல்லின் இயல்பு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் வைரத்தைப் பிரித்தெடுத்ததே இதை வைத்துத்தான். உடைத்த பாறைத் துகளைத் தண்ணீரோடு சேர்த்து, கிரீஸ் பூசிய சாய்வான மேசைமேல் ஓடவிடுவார்கள். நனைந்த கல்லெல்லாம் வழுக்கிக்கொண்டு போய்விடும், நனையாத வைரம் மட்டும் கிரீஸில் ஒட்டி நிற்கும். அதே குணம் நம் சமையலறையிலும் வேலை செய்கிறது. தலைக்கு எண்ணெய் வைக்கிற கை, சப்பாத்தி மாவு பிசைகிற கை, நாசி கண்டார் குழம்பில் ஊறிய கை, கிரீம் தடவுகிற கை எல்லாம் ஒரே கைதான். ஒவ்வொரு முறையும் ஒரு மெல்லிய படலம் கல்லில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. சோப்புப் போட்டுக் கை கழுவினால் மேல்பக்கம் ஓரளவு போகும். கல்லின் அடியில் கை எட்டாது.

அழுக்கு மேலே இருப்பதைவிட அடியில் இருப்பதுதான் கெடுதல். வைரம் ஜொலிப்பது எப்படி? மேலே நுழைந்த ஒளி கீழ்ப்பட்டைகளில் பட்டுத் திரும்பி, மறுபடி மேலே வருகிறது. வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42. கல்லுக்குப் பின்னால் வெறும் காற்று இருக்கும்வரை, செங்குத்திலிருந்து சுமார் 24 பாகைக்கு மேல் சாய்ந்து வந்து படும் ஒளி முழுவதும் உள்ளேயே திரும்பிவிடும். அங்கே ஒரு எண்ணெய்ப் படலம் ஒட்டிக்கொண்டால் அந்த எல்லை சுமார் 37 பாகைக்குப் போய்விடுகிறது. இடைப்பட்ட சாய்வில் வரும் ஒளியில் பெரும்பகுதி அடிவழியாக நழுவிவிடும். மேலே கண்ணாடிபோலத் துடைத்து வைத்திருந்தாலும் மோதிரம் சோம்பலாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். கல் பழசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. வைரம் அப்படிப் பழசாவதில்லை. பின்பக்கத்தைக் கழுவினால் கடையில் பார்த்த கல் திரும்ப வந்துவிடும்.

கழுவுவது இப்படி. ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் சில சொட்டு. மோதிரத்தை இருபது முப்பது நிமிஷம் ஊறவிடுங்கள். அவசரப்பட்டால் காய்ந்த மாவு இளகாது. பிறகு குழந்தைகளுக்கான மெல்லிய பல்துலக்கி எடுத்து, மோதிரத்தைக் கவிழ்த்துப் பிடித்து, அடியிலிருந்து கல்லை நோக்கி மெதுவாகத் தேயுங்கள். பிடிகளுக்கு இடையே, வளையமும் கல்லும் சேரும் மூலையில், எல்லா இடத்திலும் துலக்கியின் நுனி போகட்டும். அக்காவின் மோதிரத்தை அப்படி நான் கழுவியபோது அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு கட்டியே உதிர்ந்தது. கோதுமை மாவும் பவுடரும் எண்ணெயும் சேர்ந்து இறுகியது. அதன் ஓரத்தில் செம்புள்ளிகளாகக் குங்குமம்கூடத் தெரிந்தது. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிற கை அல்லவா.

அலசுவதை நேராகக் குழாய்க்கடியில் வைத்துக்கொள்ளாதீர்கள். இன்னொரு கிண்ணத்தில் நல்ல தண்ணீர் எடுத்து அதில் அலசுங்கள். குழாய்தான் வேண்டும் என்றால் கீழே டீ வடிகட்டியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆடிக்கொண்டிருந்த கல் விழுந்தாலும் வடிகட்டியில் நிற்கும். கடைசியாக இழை உதிராத பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். தினமும் போடுகிறவர்கள் வாரம் ஒருமுறையாவது இதைச் செய்யலாம், கல்லுக்கும் தங்கத்துக்கும் ஒன்றும் ஆகாது.

பாட்டி காலத்தில் இதே வேலைக்குப் பூந்திக்கொட்டை. கொட்டையை நீக்கி, தோலை வெந்நீரில் ஊறவைத்துக் கசக்கினால் நுரை வரும், அந்த நுரையில்தான் நகை கழுவுவார்கள். இன்றும் அது நல்ல முறைதான். இயற்கையான சோப்பு, சுரண்டுகிற தன்மை இல்லை. லிட்டில் இந்தியாவில் மளிகைக் கடைகளில் கேட்டால் கிடைக்கும்.

செய்யக்கூடாதவை என்று எடுத்தால் முதலில் பற்பசை. அதைப் பரிந்துரைக்காத வாட்ஸ்அப் குழு இல்லை. பற்பசையில் பல்லைத் தேய்த்து வெளுக்கவைக்க நுண்ணிய சிலிக்கா போன்ற துகள்கள் இருக்கின்றன. வைரத்தை அது ஒன்றும் செய்யாது, தங்கத்தில் மெல்லிய கீறல்களை நிறையப் போட்டுவிடும். விபூதியும் அப்படித்தான். வெள்ளி விளக்கைப் பளபளப்பாக்கும் விபூதியை மோதிரத்தில் தேய்க்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. விளக்கு தடிமனானது, தாங்கும். மோதிரத்தின் பிடி தாங்காது. கடையில் இலவசமாகப் போட்டுத் தரும் பாலிஷையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாலிஷும் மேலிருந்து கொஞ்சம் தங்கத்தை எடுத்துத்தான் பளபளப்பைக் கொடுக்கிறது.

பிளீச் இன்னும் மோசம். குளியலறை கழுவும் திரவத்தில் இருக்கும் குளோரின் தங்கத்தோடு கலந்திருக்கும் மற்ற உலோகங்களைத் தின்னும். அதிலும் நிக்கல் கலந்த வெள்ளைத் தங்கத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளை உண்டாக்கும். ஒருநாள் பிடி பட்டென்று ஒடிந்துவிடும், ஏன் என்றே புரியாது. பத்து ஃபெரிங்கி ஹோட்டல் நீச்சல் குளத்திலும் இருப்பது குளோரின்தான், அளவு குறைவு, அவ்வளவே. குளத்தில் இறங்கும் முன் மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். கடலிலும் போட்டுக்கொண்டு இறங்க வேண்டாம். சன்ஸ்கிரீன் தடவிய விரலிலிருந்து மோதிரம் வழுக்கி மணலில் விழுந்தால் அடுத்த அலைக்குள் அது மூடிவிடும்.

அதிர்வலையால் கழுவும் இயந்திரம் இப்போது ஷாப்பியில் மலிவாகக் கிடைக்கிறது. நல்ல, இறுக்கமாகப் பதித்த ஒற்றைக் கல்லுக்கு அதனால் பாதகமில்லை. ஆனால் ஏற்கெனவே தளர்ந்த கல்லை அந்த அதிர்வு இன்னும் தளர்த்தும். உள்வெடிப்பில் கண்ணாடிப் பொருள் நிரப்பித் தெளிவாக்கிய வைரங்களும் சந்தையில் இருக்கின்றன. அவற்றை அந்த இயந்திரத்தில் போடவே கூடாது. சோதனைக்கூடத்தில் வளர்த்த வைரத்துக்கு என்ன செய்வது என்று என் தங்கை மகள் கேட்டாள். அதுவும் வைரம்தான், அதே கரிமம், அதே கடினம். எல்லாம் அப்படியே பொருந்தும்.

இந்த ஊறவைக்கும் முறைக்கு ஒரு பெரிய விதிவிலக்கு உண்டு. நம் குடும்பங்களில் அதைச் சொல்லாமல் விடவே முடியாது. பழைய வைர நகைகளில் கல்லுக்கு அடியில் தங்கம் மூடியிருக்கும். ஏழு கல் தோடு, எட்டுக்கல் பேசரி, தாத்தா காலத்து மோதிரம் எல்லாம் இந்த மூடிய கட்டுதான். சிலவற்றில் கல்லுக்குப் பின்னால் பளபளக்கும் ஒரு மெல்லிய தகடும் வைத்திருப்பார்கள், உள்ளே அரக்கு நிரப்பியவையும் உண்டு. அதைத் தண்ணீரில் ஊறவைத்தால் சோப்புத் தண்ணீர் கல்லுக்கும் தகட்டுக்கும் நடுவே புகுந்துவிடும். வெளியே வர வழியில்லை. தகடு கறுத்துவிட்டால் கல்லே கறுத்த மாதிரி ஆகிவிடும். பிறகு கல்லை எடுத்துத்தான் சரி செய்ய வேண்டும்.

எங்கள் அத்தைக்கு அவர் மாமியார் கொடுத்த மோதிரம் இந்த மாதிரி. தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபொன்டைன் சுரங்கத்து நீலச்சாயல் கல், புளூ ஜாகர் என்று செட்டியார் வீடுகளில் தேடி வாங்குவார்களே, அந்த வகை என்று அத்தை சொல்வார். அது உண்மையா என்று சோதித்துப் பார்க்க எனக்கு மனமில்லை, தேவையும் இல்லை. அதை லேசாக ஈரம் காட்டிய துணியால் மேலே துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுப்பதோடு சரி. கல்லை எடுத்துப் புது மோதிரத்தில் திறந்த கட்டாகப் பதித்தால் இன்னும் ஜொலிக்கும் என்று ஒரு கடையில் சொன்னார்கள். சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் பழைய கட்டு வேலை தெரிந்த கைகள் இன்று குறைவு, பிரித்தால் திரும்ப அதே மாதிரி கட்ட முடியாது. "அது இருக்கிறபடியே இருக்கட்டும்மா" என்றார் அத்தை. எனக்கும் அதே எண்ணம்தான்.

போட்டுக்கொள்வதைப் பற்றி. லாக்கரில் பூட்டி வைத்துவிட்டால் பராமரிப்பே வேண்டாம் என்பவர்கள் இருக்கிறார்கள். கல்யாண மோதிரத்தை அப்படி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அது கையில் இருக்கவேண்டிய பொருள். எப்போது கழற்றுவது என்று தெரிந்தால் போதும்: மாவு பிசையும்போது, தேங்காய் துருவும்போது, பிளீச் தொடும்போது, உடற்பயிற்சிக் கூடத்தில் இரும்பைப் பிடிக்கும்போது. வைரத்துக்குக் கீறல் விழாது என்றாலும் அடி தாங்கும் என்று சொல்ல முடியாது. அதன் படிகத்தில் எளிதாகப் பிளக்கும் திசைகள் நான்கு உண்டு. மெல்லிய விளிம்பில் சரியான கோணத்தில் ஒரு இடி பட்டால் சில்லு பெயரும். மூலையுள்ள சதுர வெட்டுக் கற்களுக்கு இந்த ஆபத்து அதிகம். தைப்பூசத்தில் வெள்ளி ரதத்துக்கு முன்னால் தேங்காய் உடைக்கப் போகிறவர்களும் மோதிரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. அந்த வேகத்தில் கை வீசும்போது தளர்ந்த மோதிரம் விரலில் நிற்காது.

என் வீட்டுக்காரருக்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இயந்திரங்களோடு வேலை. அவர் வேலை நாளில் மோதிரம் போடுவதே இல்லை. இயந்திரத்தில் மோதிரம் மாட்டினால் விரல் போய்விடும். இதில் அன்புக்குறைவு என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை.

கழற்றிய மோதிரத்தை எங்கே வைப்பது என்பதில்தான் பாதி மோதிரங்கள் தொலைகின்றன. சிங்க் ஓரத்தில் வைக்காதீர்கள், டிஷ்யூவில் சுற்றாதீர்கள். சமையலறையில் உயரமான ஒரு இடத்தில் மூடியுள்ள சின்னக் கிண்ணம், எப்போதும் அதே இடம். நம் பெண்கள் தாலிச் சங்கிலியில் ஊக்கு மாட்டி வைத்திருப்பார்களே, அதில் கோத்துக்கொள்வதும் உண்டு. ஒரு மணி நேர வேலைக்குச் சரி. நாள் முழுக்க வேண்டாம், வைரம் தாலியின் தங்கத்தைக் கீறும். பெட்டியில் வைக்கும்போதும் இதே கதைதான். ஒவ்வொன்றையும் தனித்தனித் துணிப்பையில் போடுங்கள். இரண்டு வைர மோதிரங்களை ஒன்றாகப் போட்டால் ஒன்றை ஒன்று கீறிக்கொள்ளும். வைரத்தைக் கீறக்கூடியது இன்னொரு வைரம்தான்.

நம் ஊர் வெயிலில் விரல் வீங்கும். கேமரன் மலைக்குப் போனால் அதே மோதிரம் தொளதொளவென்று சுற்றும். அதனால் அளவு எடுப்பதைக் குளிர்ந்த ஏர்கான் கடைக்குள் நுழைந்த கையோடு வைத்துக்கொள்ளாமல், கை இயல்பான சூட்டுக்கு வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்ப காலத்தில் ஏழாம் மாதத்துக்குள் கழற்றிச் சங்கிலியில் போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். மாட்டிக்கொண்டுவிட்டால் இழுத்து விரலைப் புண்ணாக்காதீர்கள். கையைத் தலைக்கு மேலே கொஞ்ச நேரம் தூக்கிப் பிடித்து, குளிர்ந்த தண்ணீரில் வைத்து, சோப்புத் தடவித் திருகித் திருகிக் கழற்றுங்கள். வரவில்லையென்றால் ஒரு நூலின் முனையை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து, மீதியை மோதிரத்திலிருந்து நகம் நோக்கி நெருக்கமாகச் சுற்றி, அடியில் நுழைத்த முனையைப் பிடித்துப் பிரித்துக்கொண்டே வந்தால் மோதிரம் நகர்ந்து வரும். அதற்கும் வராமல் விரல் நிறம் மாறினால் யோசிக்கவே கூடாது, மருத்துவமனைக்கோ போம்பா எனும் தீயணைப்பு நிலையத்துக்கோ போய்விடுங்கள். மோதிரம் வெட்டி எடுப்பது போம்பாக்காரர்களுக்குப் பழகிய வேலை. வெட்டிய மோதிரத்தைப் பத்தர் பற்றவைத்துக் கொடுத்துவிடுவார்.

வெள்ளைத் தங்கம் மஞ்சளடித்தால் பயப்பட ஒன்றுமில்லை. அந்த வெண்மை ரோடியம் என்ற உலோகத்தின் மிக மெல்லிய பூச்சு. போடுகிற பழக்கத்தைப் பொறுத்து ஒன்றிரண்டு வருஷத்தில் தேயும், திரும்பப் பூசிக்கொள்ளலாம். பூசும் முன்னே பிடிகளைச் சரிபார்க்கச் சொல்லுங்கள், பூசிய பிறகு தங்கம் ஏற்றினால் பூச்சு வீணாகும்.

கடைசியாக, கடையில் கொடுப்பது. கல்லை மாற்றிவிடுவார்களோ என்ற பயம் நம் ஆட்களுக்கு நிறைய உண்டு. அந்தப் பயத்தினாலேயே வருஷக்கணக்கில் மோதிரத்தை யாரிடமும் காட்டாமல் இருந்துவிடுகிறார்கள், பிடி தேய்ந்து கல் தொலைகிறது. உங்கள் கல்லை உங்களுக்கே அடையாளம் தெரிந்தால் இந்தப் பயம் தேவையில்லை. ஜிஐஏ போன்ற ஆய்வகச் சான்றிதழ் உள்ள பல கற்களின் இடுப்பு விளிம்பில் சான்றிதழ் எண்ணை லேசரால் பொறித்திருப்பார்கள். கொடுக்கும் முன் லூப்பில் அதைக் காட்டச் சொல்லிப் படித்துக்கொள்ளுங்கள், திரும்ப வாங்கும்போதும் படியுங்கள். எண் இல்லாத கல்லானால், உள்ளே இருக்கும் புள்ளி எந்தப் பிடிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கற்களில் புள்ளிகள் ஒரே மாதிரி அமைவதில்லை. நல்ல பத்தர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். எங்கள் பத்தர் தானாகவே லூப்பை நீட்டுவார்.

சூடு காட்டும் வேலை என்றால் ஒரு கேள்வி கேளுங்கள்: கல்லை எடுத்துவிட்டு ஊதுவீர்களா, வைத்துக்கொண்டே ஊதுவீர்களா? வைரம் எரியும். 1772இலேயே பிரான்சில் லவாய்சியே என்ற வேதியியலாளர் பெரிய வில்லையால் வெயிலைக் குவித்து வைரத்தை எரித்துக் காட்டியிருக்கிறார். காற்றில் 700, 800 பாகை செல்சியஸ் பக்கம் போனாலே மேற்பரப்பு வெண்மையாகப் பூத்துவிடும். அதனால்தான் பத்தர்கள் கல்லின்மேல் போரிக் அமிலக் கரைசல் பூசிவிட்டுத்தான் ஊதுகிறார்கள், பற்றவைத்த பிறகும் தானாக ஆறவிடுகிறார்கள். சூடான கல்லைத் தண்ணீரில் போட்டால் வெடிக்கக்கூடும். உள்வெடிப்பு நிரப்பிய கல் என்றால் ஊதுகுழல் பக்கமே போகக்கூடாது, உள்ளே நிரப்பியது வெந்துவிடும். உங்கள் கல் அப்படிப்பட்டதா என்று சான்றிதழில் இருக்கும். பத்தரிடம் அதை மறக்காமல் சொல்ல வேண்டும்.

காப்புறுதி வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: நம் நாட்டில் வீட்டுப் பொருள்களுக்கு எடுக்கும் வழக்கமான ஹவுஸ்ஹோல்டர் பாலிசியில் பெரும்பாலும் ஒரு தனிப்பொருளுக்கு மொத்தக் காப்புறுதித் தொகையில் 5 விழுக்காடுதான் வரம்பு. 50,000 ரிங்கிட்டுக்கு எடுத்திருந்தால் மோதிரத்துக்கு 2,500 ரிங்கிட்தான் கணக்கு. அதைவிட மதிப்புள்ள மோதிரத்தைத் தனியாகப் பெயர் குறிப்பிட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள், கையில் போட்டுக்கொண்டு வெளியே போகும்போதும் பொருந்துமா என்றும் கேளுங்கள். சான்றிதழ், வாங்கிய ரசீது, மேலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்த இரண்டு புகைப்படம், இவை கைப்பேசியிலும் இன்னொரு இடத்திலும் இருக்கட்டும்.

கடையில் கொடுக்கும்போது ரசீதில் கிராம் எடை, கல்லின் சென்ட், செய்யப்போகும் வேலை மூன்றையும் எழுதி வாங்குங்கள். எழுதித் தராமல் மோதிரத்தை உள்ளே எடுத்துப்போகிற கடையில் நான் கொடுப்பதில்லை, அக்காவுக்கும் அதையே சொல்லியிருக்கிறேன்.